இரைச்சல் போன வண்டி

எங்க மாப்பிள்ளை கை வச்சா செத்த வண்டியும் எழுந்து உட்காரும்னு எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு ஒரு ஃபேன் மாத்தித் தர மட்டும் மனுஷனுக்கு நேரம் கிடைக்கலை. மாப்பிள்ளைன்னா என் தங்கச்சி புருஷன். வண்டிகளுக்கு வயரிங் வேலை பாக்குறவர். காரோ வேனோ, எது வந்தாலும் நாலு வயரை உருவி, ரெண்டை முறுக்கி, டீ ஆறுறதுக்குள்ள ஓட விட்டுடுவார். என் லாரியைக் கொண்டுபோய் நிறுத்தினா மட்டும் தலையைச் சொறிவார்.

"இருக்கட்டும் மச்சான். ஓடுதுல்ல? ஓடுற வண்டியில எதுக்குக் கை வைக்கணும்?"

"எங்க ஓடுது? கத்துது மாப்ள. காது கிழியுது."

"சத்தம்தானே? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

இருந்துட்டுப் போகட்டுமாம்! அவர் காதா கிழியுது?

விஷயம் என்னன்னு சொல்லிடறேன். இஞ்சின் சூடாகாம இருக்க முன்னாடி ஒரு ஃபேன் சுத்தும். என் வண்டி மாதிரி பழைய லாரியில அது இஞ்சினோட சேர்த்துக் கட்டினது. இஞ்சின் ஓடினா பெல்ட் ஓடும், பெல்ட் ஓடினா ஃபேன் ஓடும். நடுவுல ஒரு கிளட்ச் உண்டு. சூடு ஏறினா அது ஃபேனைப் புடிக்கணும், ஆறினா விடணும். என் வண்டியில அந்தக் கிளட்ச் என்னைக்கோ இறுகிப் போச்சு. புடிச்ச புடியை விடவே விடாது. ஆக்சிலேட்டர்ல கால் பட்டா போதும், விமானம் கிளம்புற மாதிரி ஒரு ஊளை. லாரி ஷெட்டுல எனக்குப் பேரே பைலட். "பைலட் வர்றாரு, ரோட்டைக் காலி பண்ணுங்கடா"ன்னு கத்துவானுங்க. போங்கடா வெட்டிப் பசங்களான்னு திட்டிட்டுப் போவேன்.

கிண்டல் எனக்குப் பெரிசில்லை. என் கவலை எல்லாம் என் பொண்ணைப் பத்தித்தான்.

அவ ரெண்டாங்கிளாஸ் படிக்கிறா. நான் வாலுன்னு கூப்பிடுவேன். அவ அம்மா காய்ச்சல்ல போய்ச் சேர்ந்தப்ப, இவ சுவரைப் புடிச்சு நடந்துட்டிருந்தா. நான் தூரத்து லோடு ஓட்டுறவன், கிளம்பினா எப்ப திரும்புவேன்னு எனக்கே தெரியாது. "கொஞ்ச நாளைக்கு என்கிட்ட இருக்கட்டும்ணே"ன்னு தங்கச்சி தூக்கிட்டுப் போனா. அவளுக்கும் குழந்தை இல்லை. கொஞ்ச நாள்னு சொன்னது வருஷக் கணக்காப் போச்சு. தோதுப்பட்ட சனிக்கிழமைகள்ல போய்ப் பாத்துட்டு வருவேன்.

இப்பத்தான் எனக்கு ஒரு வழி பொறந்துச்சு. மரச்சாமான் செய்யிற கம்பெனி ஒண்ணுல கிட்டத்து ஓட்டம் கிடைச்சுது. காலையில ஏத்தி, மத்தியானத்துக்குள்ள இறக்கி, சாயங்காலம் வீட்டுல இருக்கலாம். அன்னைக்கே வீட்டுக்கு வந்து சின்ன ரூமை ஒழிச்சேன். பழைய டயரும் தார்ப்பாயும் கயிறும் அடைஞ்சு கிடந்த ரூம். சுவருக்கு மஞ்சள் பெயிண்ட் அடிச்சேன். கம்பெனியில கால்ல கீறல் விழுந்துச்சுன்னு ஒரு குட்டிக் கட்டிலை ஒதுக்கி வச்சிருந்தாங்க. கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கிட்டு வந்தேன். சுவர்ல ஒரு கண்ணாடி மாட்டினேன், அவ முகம் தெரியிற உயரத்துல. உயரம் குத்துமதிப்புதான். அவளை நிக்க வச்சு அளந்து பாத்தவனா நான்?

ஒரே ஒரு இடைஞ்சல், அவளுக்கு என் வண்டி ஆகாது. ஒரு தடவை ஆசையா ஏத்திட்டுப் போனேன். ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு, முழங்காலுக்குள்ள தலையை விட்டுக்கிட்டு, தெரு தாண்டறதுக்குள்ள அழுது தீர்த்துட்டா. "இந்த வண்டி கத்துது, நான் வரமாட்டேன்." அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் தலைகீழா நின்னாலும் ஏற மாட்டேன்னுட்டா. தினம் பள்ளிக்கூடத்துக்கு இந்த வண்டியிலதானே கூட்டிட்டுப் போகணும்? அதனால முதல்ல ஃபேன், அப்புறம் பேச்சுன்னு முடிவு பண்ணேன். சத்தமில்லாத வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தணும். ஏத்தி ஒரு ரவுண்டு சுத்தணும். சுத்திட்டு, "வாலு, நம்ம வீட்டுக்கே வந்துடறியா?"ன்னு கேக்கணும். அந்தக் குட்டிக் கண்ணாடி முன்னாடி குனிஞ்சு நின்னு சொல்லிக்கூடப் பாத்தேன். வெக்கமாப் போச்சு.

கட்டில் வாங்கினதையோ பெயிண்ட் அடிச்சதையோ தங்கச்சிகிட்ட மூச்சு விடலை. "சனிக்கிழமை வர்றேன், ஒரு முக்கியமான விஷயம் பேசணும்"னு ஃபோன்ல சொன்னதோட சரி.

அந்த இரைச்சல்ல ஒரு நல்லதும் இருந்துச்சு, அதையும் சொல்லணும். தங்கச்சி வீடு ஒரு முட்டுச்சந்துக் கடைசியில. லாரி உள்ளே போகாது. சந்து முனையில ஒரு மருந்துக்கடை, அதுக்கு எதிர்ல காலி இடம், அங்கதான் நிறுத்தணும். ஆனா பெரிய ரோட்டுல நான் திரும்பினதுமே அவங்களுக்குக் கேட்டுடும். இறங்கி, கதவைப் பூட்டி, சந்துக்குள்ள நடந்து போறதுக்குள்ள வாலு தலை சீவி வாசல்ல நிப்பா. "அப்பா!"ன்னு ஒரு கத்து கத்துவா. பின்னாடி மாப்பிள்ளை சட்டை பட்டன் போட்டுக்கிட்டே வருவார். ஜன்னலோரத்துக் கை வச்ச நாற்காலி துடைச்சுக் காலியா இருக்கும். அடுப்புல டீ கொதிக்கும். ராஜ மரியாதைதான் போங்க. என் வீட்டுல நான் போய்க் கதவைத் திறந்தா ஒழுகுற குழாய்தான் வரவேற்கும். அந்த வாசல்ல கேக்குற ஒரு கத்தலுக்காகவே அத்தனை தூரம் ஓட்டிட்டுப் போவேன்.

அந்தக் கத்தலுக்கு அப்புறம் அவ அதிகம் பேச மாட்டா. என்னை வாங்க, போங்கன்னுதான் சொல்லுவா. ஏதாவது வேணும்னா அத்தை கையைப் புடிச்சு இழுப்பா, மாமா சட்டையைப் புடிச்சு இழுப்பா, வாயைத் திறந்து முறை சொல்லிக் கூப்பிட மாட்டா. கூச்சம், அவ அம்மாவும் இப்படித்தான்னு நான் நினைச்சுப்பேன்.

மாப்பிள்ளையை நம்பிப் பிரயோஜனம் இல்லைன்னு, கடைசியில ஊசிகிட்ட போனேன். ஊசி எங்க ஷெட்டுக்குப் பக்கத்துல வேலை பாக்குற மெக்கானிக். ஆள் அவ்வளவு ஒல்லி. பானெட்டைத் தூக்கிப் பாத்துட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"கிளட்ச் மட்டும் மாத்தினாலே போதுமே அண்ணே?"

"இந்த வண்டிக்கு அந்தக் கிளட்ச் கிடைக்குமா?"

"கிடைக்காது."

"அப்புறம் எதுக்குடா சொல்றே?"

"ஒரு வார்த்தை சொல்லி வைக்கணும்ல?"

தண்ணியை வடிச்சான். ரேடியேட்டரைச் சுத்தியிருந்த கூட்டைக் கழட்டினான். பழைய ஃபேனை ரெண்டு கையால அசைச்சு அசைச்சு வெளியே எடுத்துத் தரையில வச்சான். இத்தனை வருஷம் என் காதைத் தின்ன சனியன் அவ்வளவுதானான்னு இருந்துச்சு, எண்ணெயும் தூசியும் அப்பி பழைய தாம்பாளம் மாதிரி கிடந்துச்சு. அது இருந்த இடத்துல கரண்ட்ல ஓடுற ரெண்டு ஃபேனை ஒரே சட்டத்துல வச்சு முடுக்கினான். ரேடியேட்டர் குழாய்ல சூடு பாக்குற சுவிட்ச் ஒண்ணு, பேட்டரியிலேருந்து தடி வயர், ரிலே, ஃபியூஸ் எல்லாம் போட்டான். பேட்டரிக்குக் கரண்ட் ஏத்துற பழைய ஆல்டர்னேட்டர் இதுக்குத் தாங்காதுன்னு அதையும் பெரிசா மாத்தினான்.

"சாவியை எடுத்ததும் ஃபேனும் நிக்கணுமா, இல்லை சூடு இறங்குற வரைக்கும் ஓடணுமா?"

"எது நல்லது?"

"ஓடுறதுதான் இஞ்சினுக்கு நல்லது. ஆனா ஆளில்லாத வண்டியில ஃபேன் மட்டும் தனியாச் சுத்தும். பேய் ஓட்டுற மாதிரி இருக்குன்னு சில பேருக்குப் புடிக்காது."

"ஓடட்டும். நான் இறங்கினதுக்கு அப்புறமும் ஒண்ணாவது முழிச்சிட்டிருக்கட்டும்."

ஊசி ஒரு மாதிரி பாத்தான். அப்புறம் வயரைச் சீவிக்கிட்டே கேட்டான். "உங்க மாப்பிள்ளை இதுல கில்லாடியாச்சே? அவருக்கு அரை நாள் வேலை. அவரை விட்டுட்டு என்கிட்ட ஏன்?"

"அதைத்தான் நானும் மாசக்கணக்காக் கேக்குறேன். தலையைச் சொறியிறார்."

"மேடு வந்தா முழு லோடோட மிதிச்சு ஏத்தாதீங்க. சூட்டு முள்ளு மேல ஒரு கண்ணு இருக்கட்டும்."

"இனிமே எனக்கு மேடே கிடையாது. நான் சாயங்காலம் வீட்டுக்குப் போற ஆளு"ன்னேன். சொல்லும்போதே சிரிப்பு வந்துடுச்சு.

வியாழக்கிழமை மத்தியானம் வேலை முடிஞ்சுது. சனிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியலை. இப்பவே போய் நின்னா எப்படி இருக்கும்? பள்ளிக்கூடம் லீவு, மாப்பிள்ளையும் சாப்பிட வீட்டுக்கு வர்ற நேரம். சத்தமே இல்லாமப் போய் நின்னு எல்லாரையும் அசத்திடணும்னு கிளம்பிட்டேன்.

சாவியைத் திருகினதும் இஞ்சின் சத்தம் மட்டும் கேட்டுச்சு. எனக்கே நம்பிக்கை வரலை. ரோட்டுல ஏறினதும்தான் வண்டிக்குள்ள என்னென்ன இருக்குன்னு காதுக்குத் தெரிஞ்சுது. தண்ணி பாட்டில் சீட்டுக்கு அடியில உருளுது. கதவுல ஒரு நட்டு லொடலொடங்குது. யாரோ பேசுறாங்க. யாருன்னு பாத்தா நான்தான். "இங்க திரும்பிக்கலாம், அப்புறம் நேராப் போயிடலாம்"னு பக்கத்து சீட்டைப் பாத்துச் சொல்லிட்டிருக்கேன். இத்தனை வருஷமும் இப்படித்தான் பேசிட்டே போயிருக்கேன் போல, இரைச்சல்ல எனக்கே கேக்கலை. வாயை மூடினேன். மூடினா அதை விட மோசமா இருந்துச்சு. பரவாயில்லை, இன்னும் ரெண்டு நாள்ல பக்கத்து சீட்டுல ஆள் இருக்கும்னு என்னை நானே தேத்திக்கிட்டேன்.

காலி இடத்துல நிறுத்தி இறங்கினேன். ரெண்டு ஃபேனும் மெதுவா உறுமிட்டே இருந்துச்சு. போற வழியில ஒருத்தர் தலையும் எட்டிப் பாக்கலை. சந்துக்குள்ள பூனை மாதிரி நடந்தேன். கதவு ஒருக்களிச்சு இருந்துச்சு. செருப்பைக் கழட்டிட்டுக் கதவுல கை வைக்கப் போனேன்.

"அப்பா! நேராப் புடிப்பா, கோணுது."

எனக்கு அப்படியே பூரிச்சுப் போச்சு. சத்தமில்லாமலே கண்டுபுடிச்சிட்டாளே கள்ளி! "என்னடா"ன்னு சொல்ல வாய் திறந்துட்டேன். நல்லவேளை, குரல் வெளியே வரலை. அதுக்குள்ள உள்ளேருந்து பதில் வந்துடுச்சு.

"நான் நேராத்தான்டா கண்ணு புடிச்சிருக்கேன். நீ வெட்டுறதுதான் கோணல்."

மாப்பிள்ளை குரல்.

இடுக்கு வழியாப் பாத்தேன். மூணு பேரும் தரையில உட்கார்ந்திருந்தாங்க. புதுப் புத்தகங்களுக்குக் காக்கிப் பேப்பர்ல அட்டை போட்டுட்டிருந்தாங்க. மாப்பிள்ளை பனியனோட சம்மணம் போட்டிருந்தார். வாலு அவர் மேல சாஞ்சுக்கிட்டு, கத்தரிக்கோலை வச்சு அவர் முழங்கால்ல தட்டிட்டிருந்தா. ஜன்னலோரத்து நாற்காலியில துவைச்ச துணி மலையாக் கிடந்துச்சு.

"அம்மா, அப்பாவைப் பாரு, பேப்பரைக் கசக்கிட்டு."

"உங்கப்பாவுக்கு வயரைத் தவிர எதைக் கையில குடுத்தாலும் கசக்கத்தான் தெரியும்"னு என் தங்கச்சி சிரிச்சா. அவ இப்படி வாய் விட்டுச் சிரிச்சு நான் பாத்து எவ்வளவு நாளாச்சு.

நான் அப்படியே நின்னேன். போயிருக்கணும். கால் நகரலை.

வாலு வெட்டுறதை நிறுத்திட்டுக் கேட்டா. "சனிக்கிழமை லாரி அப்பா வர்றாரா?"

"வர்றேன்னு சொல்லியிருக்காரு."

"அப்ப அன்னைக்கு நீ மாமா."

"ஆமா. நான் மாமா, அம்மா அத்தை."

"மறந்துபோய் உன்னை அப்பான்னு கூப்பிட்டுட்டேன்னா?"

"எங்க மறப்பே? அவர் வண்டிச் சத்தம் கேக்கும்ல, கேட்டதும் ஞாபகம் வந்துடும். இத்தனை நாள் ஒரு தடவையாவது மறந்தியா?"

"இல்லை. ஆனா பயமா இருக்கும். அவர் அழுதுடுவாருன்னு அம்மா சொல்லுச்சு."

தங்கச்சி அட்டையை மடிச்சுக்கிட்டே சொன்னா. "இதுக்காகத்தான் நீங்க அந்த ஃபேனை மாத்தித் தராம இழுத்தடிக்கிறீங்க. அண்ணன் என்னடான்னா உங்களைச் சோம்பேறின்னு நினைச்சிட்டிருக்காரு."

"நினைச்சிட்டுப் போகட்டும். மாத்திட்டா அவர் வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் நமக்குத் தெரியாது. இவ வாயிலேருந்து அந்த வார்த்தை வந்து, அதை அந்த மனுஷன் கேட்டா தாங்குவாரா, சொல்லு."

கோபம் வந்துச்சு. சும்மா வரலை, நெஞ்சு வெடிக்கிற மாதிரி வந்துச்சு. கதவை ஒரே உதை விட்டு, யாரைக் கேட்டு என் பொண்ணை எடுத்துக்கிட்டீங்கன்னு கத்தணும் போல இருந்துச்சு. ஆனா யாரைப் பாத்துக் கத்துறது? சாஞ்சு உட்கார்ந்திருக்கிறவளையா, சாய இடம் குடுத்தவரையா? என் மனசு நோகக் கூடாதுன்னு ரெண்டு பேர் திட்டு வாங்கிட்டு உட்கார்ந்திருக்காங்க, ஒரு குழந்தை பயந்து பயந்து வார்த்தையை மாத்திட்டிருக்கு. வாசல்ல நின்ன எல்லா நாளும், அந்த ஒரு கத்தலுக்கு முன்னாடி அவ எவ்வளவு தயார் பண்ணிக்கிட்டாளோ! அது எனக்குத் தெரியவே தெரியாது.

செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு, வெறுங்காலோட திரும்பி நடந்தேன்.

வண்டிக்கு வந்தப்ப ஃபேன் இன்னும் ஓடிட்டுதான் இருந்துச்சு. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கிட்டேன். அழுதேன். ஆம்பளை, நடு மத்தியானம், மருந்துக்கடைக்கு எதிர்ல. அவ பயந்தது சரிதான். அழுதுட்டிருக்கும்போதே ஃபேன் படக்குன்னு நின்னுச்சு. அதுக்கப்புறம் வண்டிக்குள்ள ஒரு சத்தமும் இல்லை, என் மூக்கை உறிஞ்சுற சத்தத்தைத் தவிர. எனக்கு யாரும் இல்லைங்கிறது அன்னைக்குத்தான் சரியா உறைச்சுது.

மேல் துண்டால முகத்தைத் துடைச்சேன். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணி, பெரிய ரோடு வரைக்கும் போய், திரும்பி வந்தேன். மருந்துக்கடைகிட்ட வந்ததும் ஹார்ன் மேல உள்ளங்கையை வச்சு அழுத்தினேன். தொண்டை கட்டின மாதிரி கரகரன்னு ஒரு ஹார்ன், என் வண்டியைத் தவிர வேற எதுக்கும் கிடையாது. மறுபடியும் அடிச்சேன். இன்னொரு தடவையும் அடிச்சேன். இறங்கி நேராப் போகலை. மருந்துக்கடைக்குள்ள நுழைஞ்சேன்.

"என்ன, இன்னைக்கு வண்டி வந்த சத்தமே காணோம்? ஹார்ன்தான் கேக்குது?"ன்னார் கடைக்காரர்.

"தொண்டைக்கு ஏதாவது மிட்டாய் குடுங்க."

"எந்த மிட்டாய்?"

"எதுவா இருந்தாலும் சரி. மெதுவா எடுங்க, அவசரமே இல்லை."

மிட்டாயை வாங்கிட்டு, செருப்பை நல்லாத் தேய்ச்சுத் தேய்ச்சு நடந்தேன். வாசல்ல வாலு நின்னா. தலை அரைகுறையாச் சீவியிருந்துச்சு. விரல்ல பசை.

"அப்பா!"

அதே கத்தல், ஒரு துளி குறையலை. ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கிட்டா. நானும் "வாலு!"ன்னு கத்தினேன். என்ன பண்ணச் சொல்றீங்க? எனக்கு அப்பவும் அது இனிச்சுது.

நாற்காலியில துணி இல்லை. அடுப்புல டீ வச்சிருந்துச்சு. மாப்பிள்ளை பட்டனை மாத்திப் போட்டிருந்தார்.

"என்ன மச்சான், திடீர்னு? வண்டிச் சத்தமே கேக்கலையே?"

"ஃபேனை மாத்திட்டேன் மாப்ள."

மனுஷன் முகத்துல ஈயாடலை. தங்கச்சி டீ வடிகட்டுறதை நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தா.

"வாங்க, காட்டுறேன்"னு அவரைக் கூட்டிட்டு வந்து பானெட்டைத் தூக்கினேன். ரெண்டு பேரும் தலையை உள்ளே விட்டுக்கிட்டோம். பழக்கம் விடுமா, அவர் வயர் ஒவ்வொண்ணையும் இழுத்துப் பாத்தார். ரிலேயைத் தொட்டுப் பாத்தார். "நல்லாத்தான் போட்டிருக்கான். மழைத்தண்ணி படாம இதுக்கு மேல ஒரு மூடி போடணும்"னார். அப்புறம் தலையை வெளியே எடுக்காமலே சொன்னார்.

"மச்சான், நான் ஏன் மாத்தித் தரலைன்னா..."

"தெரியும்."

"இல்லை மச்சான், அது வந்து..."

"தெரியும்னு சொல்றேன்ல? வயரைப் பாருங்க."

அவர் வயரைப் பாத்தார். ஏற்கெனவே பாத்த வயரையே மறுபடியும் இழுத்துப் பாத்தார். அந்தக் கையைத்தான் நான் பாத்துட்டிருந்தேன், சோம்பேறின்னு நான் திட்டின கையை.

"இனிமே முனையில வந்ததும் ஹார்ன் அடிச்சிட்டுத்தான் வருவேன் மாப்ள. எப்ப வந்தாலும்."

பானெட்டை ரெண்டு பேரும் சேர்ந்து இறக்கினோம்.

வீட்டுக்குத் திரும்பி வந்ததும் தங்கச்சி டீயைக் கையில குடுத்துட்டு முகத்தையே பாத்தா. "ஃபோன்ல என்னமோ முக்கியமான விஷயம் பேசணும்னியேண்ணே?"

மஞ்சள் சுவர் கண்ணுக்குள்ள வந்துச்சு.

"அதான் பேசியாச்சே. ஃபேன் மாத்துன விஷயம்தான்."

"இதுவா முக்கியமான விஷயம்?"

"எனக்கு முக்கியம்தான் போ. நீ டீயில சர்க்கரை போட்டியா இல்லையா?"

கிளம்புறப்ப வாலுகிட்ட, ஒரு ரவுண்டு வர்றியான்னு கேட்டேன். தயங்கித் தயங்கி வந்து ஏறினா. ரெண்டு உள்ளங்கையையும் காதுகிட்ட தயாரா வச்சுக்கிட்டா. சாவியைத் திருகினேன். கையை மெதுவா இறக்கினா.

"கத்தலை!"

"கத்தாது. சொன்னேன்ல?"

ஜன்னல் கண்ணாடியை இறக்கினா, ஏத்தினா. மறுபடியும் இறக்கினா. உருளுற பாட்டிலைக் கண்டுபுடிச்சு எடுத்து மடியில வச்சுக்கிட்டா. பக்கத்து சீட்டுல ஒரு உயிர் உட்கார்ந்து கால் ஆட்டிக்கிட்டு வந்தா வண்டியே வேற மாதிரி ஆயிடுது. கட்டில், சுவர், கண்ணாடி எல்லாம் தொண்டை வரைக்கும் வந்துச்சு. ஒரு தடவை கேட்டுப் பாத்தா என்ன? கேட்டா இவ என்ன பண்ணுவா? நான் அழுதுடுவேன்னு பயந்து, சரின்னு தலையாட்டினாலும் ஆட்டிடுவா. அதுதான் எனக்கு பயமா இருந்துச்சு. முழுங்கிட்டேன்.

மருந்துக்கடைகிட்ட திரும்பி வந்து நிறுத்தினதும், அவதான் கேட்டா. முகத்துல விளையாட்டே இல்லை.

"இந்த வண்டி கத்தலைன்னா, நீங்க வர்றது எப்படித் தெரியும்?"

"ஹார்ன் அடிக்கிறேன்."

"எங்க வந்து அடிப்பீங்க?"

"இதே இடத்துல."

யோசிச்சா. "கதவு மூடியிருந்தா? மழை பெஞ்சா?"

"கேக்கும்டா."

"ஒரு தடவை அடிச்சுக் காட்டுங்க. நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திட்டுக் கேக்குறேன். நான் உள்ளே போனதுக்கு அப்புறம்தான் அடிக்கணும்."

"சரி."

"பெரிசா அடிங்க."

"பெரிசாவே அடிக்கிறேன், போ."

இறக்கி விட்டேன். மிட்டாய்ப் பொட்டலத்தைப் புடிச்சுக்கிட்டு ஓடினா. கதவு மூடுறது இங்கேருந்தே தெரிஞ்சுது. உள்ளங்கையை வச்சு அழுத்தினேன். மருந்துக்கடைக்காரர் எட்டிப் பாத்து என்னமோ திட்டினார். கதவு திறக்கலை. இன்னும் கொஞ்சம் நீளமா அடிச்சேன்.

கதவு திறந்துச்சு. வாசலுக்கு ஓடி வந்து ரெண்டு கையையும் மேல தூக்கி ஆட்டினா. "கேக்குது! நல்லாக் கேக்குது!"

சரின்னு நானும் கையைத் தூக்கிக் காட்டினேன். வண்டியைக் கியர்ல போட்டேன். அவ திரும்பி உள்ளே ஓடினா. ஓடிக்கிட்டே, "அப்பா, நல்லாக் கேக்குதுப்பா!"ன்னு சொன்னா.

என்கிட்ட சொல்லலை. வண்டியில இரைச்சல் இல்லாததால எனக்கும் நல்லாக் கேட்டுச்சு.